அடிமட்டத்தால் வெட்டிய வசனம்

ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் செபநாயகம் தேவாலயத்தில் தியானச் செய்தி கொடுக்கும்போது எந்த இடத்தில் அழவேண்டும் என்பதை முன்கூட்டியே சிவப்பு மையால் குறித்து வைத்திருப்பார். ‘இங்கே குரலைத் தாழ்த்துக.’ ‘சற்று மௌனம்.’ ‘கண்ணாடியைக் கழற்றித் துடைக்க.’ இப்படி அவர் கிறுக்கி வைத்ததையெல்லாம் பெரிய எழுத்தில் பிரதிபண்ணிக் கொடுப்பது அவருடைய தங்கை அன்னரத்தினத்தின் வேலை. அதிபருக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை படர்ந்திருந்தது. பெருவிரல் நகமளவு எழுத்தென்றால்தான் வாசிப்பார்.

பதினாறு வருடமாக அன்னரத்தினம் இந்தச் சேவகத்தைச் செய்துவந்தாள். ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்தவள், கலியாணம் கட்டாதவள். அண்ணி இறந்த வருடம் ஒரு தகரப்பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணனின் குசினி, அண்ணனின் வேட்டி சால்வை, அண்ணனின் தியானங்கள் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு கவனித்தாள். ஆராதனையில் அந்த முகத்தைப் பார்த்த சபையார், எவ்வளவு பக்தி என்று மெச்சிக்கொண்டார்கள். அவளுக்குள்ளே இருந்தது சுத்தமான இளக்காரம். அண்ணன் கண்ணாடியைக் கழற்றும் போதெல்லாம், ‘கீழேயிருந்து மூன்றாவது வரி’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். ஒருநாளும் பிழைத்ததில்லை.

கொக்குவிலுக்கு மேற்கே, பனங்காணிகளுக்கு நடுவே இருந்த சிறிய தேவாலயம் அது. எண்பத்தொன்பதாம் ஆண்டு பங்குனி. ஊரடங்குக்குப் பயந்து பரிசுத்த வாரத்து மாலைத் தியானங்களைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றியிருந்தார்கள். இயேசுவின் கடைசி நாள்களை நாளுக்கொருவராகப் பகிர்ந்து பேசுவது அந்தச் சபையின் வழக்கம்.

அந்த வருடமும் பேசினார்கள். இயேசு கழுதையில் ஏறிவந்த தாழ்மையைப் பற்றிப் பேச வின்சன்ற் வந்தார், பக்கத்தில் ஒருத்தன் குடை பிடித்துக்கொண்டு வர. பெத்தானியாவில் ஒரு பெண் பரிமளதைலம் பூசியதைப் பற்றிப் பேசிய மாதர் சங்கத் தலைவி, அது என்ன பூவிலிருந்து வடித்த தைலம் என்பதிலேயே முக்கால் மணித்தியாலத்தைத் தின்றாள். புதன்கிழமை யூதாஸ். யூதாஸைப் பற்றிப் பேசுவதென்றால் எல்லாருக்கும் விருப்பம், ஏனென்றால் யூதாஸ் எப்போதும் வேறு யாரோ ஒருவன். பேசினவர் துரோகியைத் திட்டத் திட்ட வாங்குகளில் இருந்தவர்கள் பக்கத்து வாங்கைக் கடைக்கண்ணால் பார்த்துத் தலையாட்டினார்கள்.

வியாழக்கிழமை செபநாயகத்தினுடையது. சேவல் கூவுமுன் மூன்றுமுறை இயேசுவை அறியேன் என்று சொன்ன பேதுருவை அவர் எடுத்திருந்தார்.

“பேதுருவின் மறுதலிப்பு எண்டு தலைப்புப் போடு, அன்னம். கீழை ஒரு கோடு கீறு.”

“வேறை ஆரும் அதை எடுக்கட்டுமே அண்ணை.”

“ஏன்?”

“சும்மா சொன்னனான்.”

“பேதுருவை நான் எடுக்காட்டி ஆர் எடுக்கிறது? உவன் வின்சன்றோ?”

அவள் தலைப்புப் போட்டாள். கீழே கோடும் கீறினாள்.

போன கார்த்திகையில் நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும். ஒரு மழைக்காலக் காலையில் இந்திய ஆமிக்காரர் நாலு ஒழுங்கையையும் வளைத்து, வீடுகளில் இருந்த எல்லாரையும் வாசிகசாலை வளவுக்குக் கொண்டுபோனார்கள். ஆண்கள் சேற்றில் குந்தியிருந்தார்கள். பெண்கள் புளியமரத்தின் கீழே நின்றார்கள். செபநாயகத்துக்கு மட்டும் ஒரு கதிரை கிடைத்தது. அவர் நல்ல இங்கிலீசு கதைத்தார், அதுதான் காரணம். கதிரையில் இருந்தபடி அதிகாரி கேட்பதையும் ஊரார் சொல்வதையும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெடியனைப் பிடித்து நிறுத்தியபோது கடைக்காரர் ஒருவர் எழுந்து, அவன் தன் மருமகன், ஒன்றும் அறியாதவன் என்றார். இருவரையும் சேர்த்து லொறியில் ஏற்றினார்கள். அதன் பிறகு வளவில் ஒருவரும் இருமக்கூட இல்லை.

அப்போதுதான் சிமியோனைக் கொண்டுவந்தார்கள். தேவாலயத்து வளவிலேயே குடியிருந்து, பதினெட்டு வருடமாக மணி அடித்து, வாங்கு துடைத்து, பிரேதக்குழி வெட்டி வந்தவன் அவன். விடியக் காலை யன்னல் திறக்கப் போனவனை வெறும் மேலோடு, அடையாள அட்டை இல்லாமல் பிடித்திருந்தார்கள். அதிகாரி அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். இரண்டிலும் காய்ப்பு. துவக்குப் பிடித்த கை என்று ஒருத்தன் சொன்னான். “மணி ஐயா, கோயில் மணி” என்று சிமியோன் இல்லாத கயிற்றை இழுத்து இழுத்துக் காட்டினான். சிப்பாய்கள் சிரித்தார்கள்.

அதிகாரி கதிரைப் பக்கம் திரும்பினான். “உங்கள் தேவாலயத்தில் மணி அடிக்கிறேன் என்கிறான். இவனைத் தெரியுமா?”

செபநாயகம் சிமியோனைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார். தெரியாது என்றார். அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. “எங்கள் தேவாலயத்தில் இப்போது மணி அடிப்பதேயில்லை” என்று, கேட்காமலே இன்னொன்றையும் நல்ல இங்கிலீசில் சேர்த்துக் கொடுத்தார்.

பெண்களுக்குள்ளே இரண்டாவது வரிசையில் நின்ற அன்னரத்தினத்துக்கு அவ்வளவும் கேட்டது.

சிமியோன் மாசிமாத நடுவில் திரும்பி வந்தான். வலது முழங்கால் மடங்காது. இடது கையில் இரண்டு விரல்கள் விறைத்துப்போய் நின்றன. மணிக்கயிற்றை இப்போது அவன் பெண்சாதி தங்கமுத்து இழுத்தாள். அவன் பக்கத்தில் நின்று, எப்போது நிறுத்த வேண்டும் என்று கண்ணால் காட்டுவான்.

செபநாயகம் இப்படிப்பட்ட ஒரு வருடத்தில்தான் பேதுருவைத் தெரிவுசெய்தார்.

புதன்கிழமை பின்னேரம் அவர் எழுதிக்கொடுத்த தாள்களை அன்னரத்தினம் மேசையில் விரித்துப் பிரதிபண்ணத் தொடங்கினாள். மூன்று பக்கம் வழக்கம்போலத்தான் இருந்தது. குளிர், பிரதான ஆசாரியனின் முற்றம், கரி நெருப்பு, வேலைக்காரியின் கேள்வி. நாலாம் பக்கத்தில் அவளுடைய பேனை நின்றது. அங்கே ஒரு பந்தி வெட்டப்பட்டிருந்தது. அதிபர் கையால் வெட்டுகிறவர் அல்ல. அடிமட்டம் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் நடுவால் ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே எழுத்துத் தெளிவாகத் தெரிந்தது.

‘அன்று காலை வாசிகசாலை வளவில், சிமியோனைத் தெரியுமா என்று என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். பதினெட்டு வருடம் அவன் அடித்த மணிக்குத்தான் நான் ஜெபிக்க எழுந்தேன்.’

அதற்கு மேலே, ஓரத்தில், புதிய மையில்: ‘நாம் எல்லோருமே ஏதோ ஒரு முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு, அவனை அறியேன் என்று சொன்னவர்கள் அல்லவா? (சற்று மௌனம்.)’

அன்னரத்தினம் அதை இரண்டுதரம் வாசித்தாள். அந்த மனுசன் உண்மையை எழுதத் தெரியாதவர் இல்லை, எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு லாச்சியைத் திறந்து அடிமட்டத்தைத் தேடி எடுத்திருக்கிறார். தான் ஒருவர் செய்ததைச் சபை முழுவதற்கும் பங்குபோட்டுக் கொடுத்தால் தனக்கு மிஞ்சுவது ஒரு கடுகளவு. அதையும் மௌனத்தோடு கொடுத்தால் புகழ் வேறு. நாற்பது வருடம் பிள்ளைகளைப் பொய் சொன்னதற்கு வாங்கில் ஏற்றி நிறுத்திய மனுசன்.

வியாழன் காலை அவர் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பிரதியை இரண்டுமுறை வாசித்துப் பழகினார். பிறகு கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். வாளி கிணற்றுக்குள் இறங்குகிற சத்தம் கேட்டதும் அன்னரத்தினம் கோவையைத் திறந்து நாலாம் பக்கத்தை உருவினாள். தான் எழுதி வைத்திருந்த வேறொரு நாலாம் பக்கத்தை அதிலே செருகினாள். அதில் வெட்டிய பந்தி இருந்தது, ஓரத்து வசனம் இல்லை. அண்ணனின் மூக்கைச் சபைக்கு முன்னால் உடைக்கப்போகிறோம் என்ற சந்தோசம் அவளுக்கு. நீதி, மனச்சாட்சி என்றெல்லாம் அவள் அந்த நேரத்தில் நினைக்கவேயில்லை.

மூன்று மணிக்குத் தங்கமுத்து மணியடித்தாள். தேவாலயம் நிறைந்திருந்தது. புதிதாக வந்த போதகர் அடைக்கலநாதன் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சிமியோன் கடைசி வாங்கில் காலை நீட்டிக்கொண்டு இருந்தான்.

முதல் மூன்று பக்கமும் எண்ணெய் போட்ட சில்லுப்போல் ஓடின. குரல் தாழ வேண்டிய இடத்தில் தாழ்ந்தது. நாலாம் பக்கத்தைத் திருப்பினார்.

“அன்று காலை...” என்று பெரிய குரலில் தொடங்கினார்.

தொடங்கின பிறகுதான் கண் அடுத்த சொல்லுக்குப் போயிருக்கிறது. குரல் நின்றது. தாளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார். தள்ளிப் பிடித்தார். அந்த மௌனம் எந்தத் தாளிலும் சிவப்பு மையில் இல்லாதது. முன்வாங்கில் யாரோ விம்மத் தொடங்கினார்கள்.

“அன்று காலை,” என்றார் அதிபர் மறுபடியும், குரல் நடுங்க, “சேவல் கூவிற்று.”

அவ்வளவுதான். கரை ஏறிவிட்டார். தாளைப் பார்க்காமலே பேதுருவின் கண்ணீருக்குப் போய், அங்கிருந்து நம் எல்லோருடைய கண்ணீருக்கும் வந்து, கண்ணாடியைக் கழற்றி உண்மையாகவே அழுதார். பயத்தில் வந்த கண்ணீர் என்று அவளுக்குத் தெரியும். சபைக்குத் தெரியாது. பெண்கள் முந்தானையால் முகத்தைப் பொத்தினார்கள். வின்சன்ற் கைலேஞ்சியை எடுத்தார். போதகர் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார். இந்த ஆலயத்தில் இப்படியொரு செய்தி கேட்டதில்லை என்றார்கள் எல்லாரும்.

வாசலில் செபநாயகம் சிமியோனின் கையைப் பிடித்தார், நாலு பேர் பார்க்கிற இடமாகப் பார்த்து.

“எப்பிடி, கை பரவாயில்லையோ?”

“ஓம் சேர்.”

“ஜெபத்திலை நினைக்கிறன்.”

“ஓம் சேர்” என்றான் சிமியோன். விறைத்த விரல்களை அவருடைய பிடியிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்ததும் செபநாயகம் கோவையை மேசையில் எறிந்தார்.

“நாலாம் பக்கத்திலை ஆர் கைவைச்சது?”

“உங்கடை வசனம்தான் அண்ணை. எழுதினதும் நீங்கள், வெட்டினதும் நீங்கள். நான் வெட்டினதைக் கவனிக்கேல்லை எண்டு வையுங்கோவன்.”

“சபைக்கு முன்னாலை என்னை நாறடிக்கப் பாத்திருக்கிறாய்!”

“நாறேல்லைத்தானே. எல்லாரும் அழுதவை.”

அவருடைய முகம் ஒரு கணம் மாறியது. கோபம் எங்கேயோ போய்விட்டது. “பின்வாங்கிலையும் அழுதவையோ?” என்று கேட்டார். “எனக்கு அவ்வளவு தூரம் தெரியேல்லை.”

அன்னரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. “பின்வாங்கிலை சிமியோன் இருந்தவன். அவன் அழேல்லை.”

அதிபர் கதிரையில் இருந்தார். “நான் தெரியும் எண்டு சொல்லியிருந்தா என்னையும் ஏத்தியிருப்பாங்கள். அவனையும் விட்டிருக்க மாட்டாங்கள். ஆருக்குப் பிரயோசனம்?”

“அது சரியாயிருக்கலாம். அதை அவனிட்டைப் போய்ச் சொல்லுங்கோவன்.”

“பேதுரு ஒவ்வொருத்தரிட்டையும் போய்ச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவரோ? கர்த்தர் அவற்றை மனசைப் பாத்தார்.”

“சிமியோன் கர்த்தர் இல்லை அண்ணை. அவனுக்கு ஆரும் சொன்னாத்தான் தெரியும்.”

“தேத்தண்ணி போடு” என்றார் அவர். அவள் போட்டுக் கொடுத்தாள். அதை நினைத்துப் பிறகு தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்த பிறகு அவள் வீட்டுக்குப் போகாமல் தேவாலயத்தின் பின்பக்கம் நடந்தாள். சிமியோனின் ஓலைவீட்டு வாசலில் தங்கமுத்து கஞ்சிப்பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

“சிமியோன் இல்லையோ?”

“படுத்திருக்கிறார். என்ன ரீச்சர்?”

“ஒரு விசயம் சொல்லவேணும். அண்டைக்கு வாசிகசாலையடியிலை அண்ணை சொன்னது...”

“தெரியும்.”

“நானும் அதிலை...”

“அதுவும் தெரியும். நீங்கள் ரண்டாவது வரிசையிலை நிண்டனீங்கள். உங்களுக்கும் இங்கிலீசு தெரியும். குனிஞ்சு செருப்பு வாரை இழுத்துக்கொண்டு நிண்டனீங்களாம். வார் அறுந்ததோ ரீச்சர்?”

வார் அறவில்லை. அதை அவளும் தங்கமுத்துவும் அறிவார்கள்.

“மன்னிப்புக் கேக்க வந்தனான்” என்றாள் அன்னரத்தினம்.

தங்கமுத்து பானையைக் கவிழ்த்து வைத்தாள். “இந்தக் கிழமை முழுக்க ஒவ்வொருத்தராய் அழுதினம். நேற்று உங்கடை அண்ணை. இண்டைக்கு நீங்கள். உங்கடை வீட்டிலை எல்லாரும் நல்லா அழுறியள். எனக்கு அதுக்கு நேரமில்லை.”

உள்ளேயிருந்து சிமியோனின் குரல் வந்தது. “தங்கமுத்து, ரீச்சரை இருக்கச் சொல்லு.”

“இருக்கிறதுக்கு அவ வரேல்லை” என்று தங்கமுத்து உள்ளே பார்த்துச் சொன்னாள். பிறகு இவளிடம் திரும்பினாள். “நான் பிறகு கொண்டுபோய்க் காட்டின அவற்றை அடையாள அட்டையை முகாமிலை வைச்சிருக்கிறாங்கள். ஒவ்வொரு சனியும் போய்க் கையெழுத்து வைக்கவேணும். அட்டை இல்லாமல் சந்தி தாண்டேலாது, ஒரு கூலிவேலைக்குப் போகேலாது. ஊரிலை அறிஞ்ச ஆள் ஒராள் நேரை வந்து சொன்னாக் குடுப்பாங்களாம். போதகர் கடிதம் தந்தவர். அவர் போன தைமாசம் வந்தவர், அவற்றை கடிதம் காணாதாம். உங்கடை அண்ணையிட்டை மூண்டுதரம் போனன்.”

“அண்ணை என்ன சொன்னவர்?”

“முதல்தரம் ஜெபிக்கச் சொன்னார். ரண்டாந்தரம் பாப்பம் எண்டார். மூண்டாந்தரம் உயிர்த்த ஞாயிறு முடியட்டும் எண்டார். பேதுருவைப் பற்றி எழுதுறாராம், நேரமில்லையாம்.” அவள் கையைச் சேலையில் துடைத்தாள். “மன்னிப்பைப் பேந்து கேளுங்கோ ரீச்சர். நாளைக்கு எட்டு மணிக்கு வாறியளோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ.”

“வாறன்” என்றாள் அன்னரத்தினம்.

ஒழுங்கையால் நடந்து வரும்போது அவள் தன்னை ஒருமுறை ஆகக் கேவலமாகப் பார்த்தாள். பதினாறு வருடமாக அண்ணனை மனதுக்குள் நக்கலடித்ததில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. அவரைவிடத் தான் ஒரு படி மேல் என்ற சுகம். தலையணைபோல அதில் தலைவைத்துக் கிடந்திருக்கிறாள். அண்ணன் பொய் சொன்னார். அவள் அதுகூடச் சொல்லாமல் செருப்பு வாரை இழுத்தாள். அவராவது எழுதி வெட்டினார். அவள் எழுதவேயில்லை.

சனிக்கிழமை காலை மூவரும் நடந்தார்கள். சிமியோன் ஒவ்வொரு நாற்பது அடிக்கும் நின்றான். தங்கமுத்து முன்னே போய், நின்று, திரும்பிப் பார்ப்பாள். ஒரு மதகடியில் இருந்து மூச்சு வாங்கியபோது சிமியோன்தான் கதைத்தான்.

“சேர் வியாழக்கிழமை நல்லாச் சொன்னவர்.”

“நீர் அதைச் சொல்லவேண்டாம், சிமியோன்.”

“இல்லை ரீச்சர், நல்லாத்தான் சொன்னவர். எனக்கு ஒண்டுதான். எல்லாரும் பேதுருவின்ரை மனசையே கதைக்கினம். அவர் எப்பிடித் துடிச்சார், எப்பிடி அழுதார் எண்டு. அதைக் கேட்டுக்கொண்டு நிண்ட இயேசுவுக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. அவர் திரும்பிப் பேதுருவைப் பாத்தார் எண்டு வேதத்திலை எழுதிக்கிடக்கு. நானும் லொறியிலை இருந்து திரும்பிப் பாத்தனான்.”

“என்ன பாத்தீர்?”

“சேர் கதிரையாலை எழும்பி வேட்டியிலை பட்ட சேத்தைத் தட்டிக்கொண்டு நிண்டவர்.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பனைக்கு மேலே மழைமுகில் வருகிறது என்பதுபோல் சொன்னான். அன்னரத்தினம் எத்தனை வருடத் தியானங்களைக் குண்டுகுண்டாக எழுதிக் கொடுத்திருக்கிறாள்! அவற்றில் ஒன்றிலாவது இது இருந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். இல்லை.

“ரீச்சர், பயமெண்டா இதிலை நில்லுங்கோ,” என்றான் சிமியோன் எழும்பிக்கொண்டே. “நான் வழமைபோலை கையெழுத்தை வைச்சிட்டு வாறன்.”

“நடவும்” என்றாள் அவள்.

மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அன்றைக்கு வந்த அதிகாரி இல்லை, இவன் இளையவன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். இங்கிலீசு கதைக்கிற கிழவி ஒருத்தி வந்து நிற்பது அவனுக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது. இவரைத் தெரியும், பதினெட்டு வருடமாக எங்கள் தேவாலயத்தில் மணி அடிக்கிறவர், உள்ளங்கைக் காய்ப்பு கயிற்றால் வந்தது என்று அவள் சொன்னாள். பாடசாலையில் கேள்விக்கு விடை சொல்லும் பிள்ளைபோல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

அவன் ஒரு கோவையை இழுத்துப் பக்கங்களைத் தட்டினான்.

“இங்கே வேறுமாதிரி இருக்கிறதே. சபை மூப்பர், ஓய்வுபெற்ற அதிபர், இவனைத் தெரியாது என்றிருக்கிறார். அந்தத் தேவாலயத்தில் மணியே அடிப்பதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். யார் பொய் சொல்வது? நீங்களா, அவரா?”

அண்ணன் கேட்காமல் சேர்த்துக் கொடுத்த அந்த இரண்டாவது பொய் ஒரு தாளில் தட்டச்சாகி நாலு மாதமாக இங்கே இருந்திருக்கிறது. சிமியோனின் கால் அதனால்தான் இப்படியானது என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

“அவர்தான்” என்றாள். “அவர் என் அண்ணன்.”

“நீங்கள் எங்கே இருந்தீர்கள்?”

“அங்கேதான். வாய் திறக்கவில்லை.”

“ஏன்?”

“பயம்.”

அவன் கோப்பையை வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் அறிவாள். தான் வருடக்கணக்காக மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை. “தேவாலயத்துக்குப் போகிற ஆட்கள்!” என்று பக்கத்தில் நின்றவனுக்குச் சொல்லிச் சிரித்தான். பிறகு ஒரு தாளைத் தள்ளி, சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னான். அண்ணனின் முழுப் பெயரையும் முகவரியையும் எழுதவேண்டியிருந்தது. அவள் எழுதினாள். எழுத்து வழக்கத்தைவிடச் சின்னதாக வந்தது.

அட்டையை அன்றைக்கே கொடுக்கவில்லை. விசாரிக்கவேண்டும் என்றான்.

உயிர்த்த ஞாயிறு மத்தியானம், சபையார் கைகுலுக்கி ஓய்ந்து வீடு திரும்பிய பிறகு, அவள் அண்ணனிடம் சொன்னாள். கையில் பிட்டோடு இருந்தவர் அப்படியே நிறுத்தினார்.

“என்ரை பேரையோ எழுதிக் குடுத்தனி?”

“ஓம். விலாசமும் கேட்டவை.”

“நீ ஒரு தங்கச்சியோ? என்னைக் காட்டிக் குடுத்திட்டாய். யூதாஸ் வேலை பாத்திருக்கிறாய்!”

“புதன்கிழமையே யூதாஸ் முடிஞ்சுது அண்ணை” என்றாள். “இன்னும் பிட்டுப் போடட்டோ?”

அவர் சாப்பிடவில்லை. படலைச் சத்தம் கேட்கும் போதெல்லாம் எழும்பி எழும்பிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை காலை கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் புறப்பட்டார். மூன்று வருடமாகப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவந்த சிகிச்சை அது. போதகர் பஸ் ஏறும் இடத்தில் கைவைத்து ஜெபித்தார். இவ்வளவு துன்பத்திலும் வியாழக்கிழமை அப்படியொரு சாட்சி சொன்ன கண்கள் என்று மாதர் சங்கத் தலைவி விம்மினாள். அதிபர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு ஏறினார். ஆமிக்காரர் அவரைத் தேடி வரவேயில்லை. அவரைத் தேடுகிற அளவுக்கு அவர்களுக்கு அவர் முக்கியமில்லை. அதை அறிந்திருந்தால் அதுவும் அவருக்கு மனவருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டு சனி கழித்துச் சிமியோனின் அட்டை வந்தது. நந்தாவில் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குக் காவலிருக்கப் போனான். நடக்கத் தேவையில்லாத வேலை. இதை அன்னரத்தினத்துக்கு யாரும் வந்து சொல்லவில்லை. கடையில் கேள்விப்பட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தங்கமுத்து படலையில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

“ரீச்சர், அவர் காவலுக்குப் போறார். நான் மணியும் அடிச்சு, கோயிலும் கூட்டி, பிள்ளையளையும் பாக்கேலாமல் கிடக்கு. சனியிலை கோயில் கூட்ட ஒராள் வேணும். வாறியளோ?”

அதிபர் வீட்டுப் பெண் விளக்குமாறு பிடிப்பதை ஊர் எப்படிக் கதைக்கும் என்று அன்னரத்தினத்துக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“வாறன்” என்றாள்.

சனிக்கிழமை காலை வாங்குகளை ஒவ்வொன்றாக இழுத்து, தும்புத்தடியால் கூட்டினாள். முதுகு பிளந்ததுபோல் வலித்தது. வாசலால் போன வின்சன்ற் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணையிட்டை இருந்து கடிதம் வந்ததோ?” என்று கேட்டார். பதிலை எதிர்பார்க்காமல் விரைந்து போனார். பதினொரு மணியளவில் தங்கமுத்து வந்து, இடுப்பில் கைவைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“இசைப்பெட்டிக்குப் பின்னாலை கூட்டுப்படேல்லை” என்றாள்.

அன்னரத்தினம் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.